நீல டிஸ்டெம்பர் அடித்த வீடு

அந்த வருஷம் பெங்களூர் காக்ஸ் டவுனில் எல்லா வீடுகளுக்கும் ஒரே சமயத்தில் வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. எந்த வாசலில் போய் நின்று வாடகைக்கு இடம் கேட்டாலும் முதலில் உட்காரச் சொல்வார்கள், காபி கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் என்றால் அங்கே அவ்வளவு மரியாதை. பிறகு வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்பார்கள். லாரிகளுக்குப் பாடி கட்டுகிறவர் என்பேன். இப்போது எங்கே இருக்கிறார் என்பார்கள். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றில்லை, இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்ல ரோஷமாக இருந்தது. நெஞ்சு ஆஸ்பத்திரியில் இருக்கிறார், குணமாகிவிட்டது, அடுத்த மாதம் வந்துவிடுவார் என்பேன். உடனே வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டிய ஞாபகம் அவர்களுக்கு வந்துவிடும்.

"சுண்ணாம்பு அடிக்கணும் டீச்சர், ரெண்டு மூணு மாசம் ஆவும்."

வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அவர்கள் காலி செய்த பங்களாக்கள் பூட்டிக் கிடந்தன, தோட்டத்தில் செடி மண்டியிருந்தது. அவ்வளவு காலி அறைகளுக்கு நடுவே இரண்டு பேருக்கு ஓர் அறை கிடைக்கவில்லை.

அவருக்கு வந்தது காசம். பதினான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போதுதான் அந்தப் புது ஊசி மருந்து வந்திருந்தது, அதனால் பிழைத்தார். பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "கிருமி இல்லம்மா. இனிமே இவரால யாருக்கும் ஒண்ணும் வராது" என்று சொல்லி, அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நான் தெருத்தெருவாக அலைந்தேன். வாங்கிப் பார்த்தவர்கள் அதை விரல் நுனியால் பிடித்துப் படித்தார்கள். படித்து முடித்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்ட ஓர் அம்மாளை என்னால் இப்போதும் மன்னிக்க முடியவில்லை.

என் அம்மா ஏற்காட்டில் இருந்தாள். சேலத்துக்கு மேலே, மலை மீது, ஏரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் தகரக் கூரை போட்ட சின்ன வீடு. பின்னால் கொஞ்சம் காபிச் செடி, நாலைந்து ஆரஞ்சு மரம். அப்பா காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து கட்டிய வீடு அது. அந்த வீட்டில்தான் அப்பா இதே நோயில் இறந்தார். அப்போது ஊசியும் இல்லை ஒன்றும் இல்லை. நான் பெங்களூரில் டீச்சர் டிரெயினிங்கில் இருந்தேன், அடக்கத்துக்குத்தான் போனேன். அதன் பிறகு இரண்டு வருஷம் அம்மா வீட்டுப் படி யாரும் ஏறவில்லை. மாதா கோயிலில் அவள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அதனால் என் கணவருக்கு நோய் என்று நான் எழுதியபோது அம்மா எழுதிய பதில் எனக்குக் கோபத்தைத் தந்தாலும் ஆச்சரியத்தைத் தரவில்லை. 'நீ மட்டும் இங்கே வந்துவிடு' என்று எழுதியிருந்தாள். நான் போகவில்லை. பதினான்கு மாதத்தில் அவள் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த நாள் அவர் நேராக ஜோகுபாளையத்தில் இருந்த பட்டறைக்குத்தான் போனார். அவர் பிறந்து வளர்ந்ததே அந்தப் பக்கம். பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு பெரிய தகரக் கொட்டகை, அதில் தச்சர்கள், தகர வேலைக்காரர்கள், பெயிண்டர்கள் என்று எப்போதும் இருபது பேர் தட்டிக்கொண்டும் அறுத்துக்கொண்டும் இருப்பார்கள். முதலாளி பாய், மிலிட்டரி ஏலத்தில் நாலு பழைய ஆம்புலன்ஸ் வண்டிகளை எடுத்திருந்தார். மூன்று வண்டிகள் வேறு வேறு உருவம் எடுத்துப் போய்விட்டன. நாலாவது, கொட்டகையின் கோடியில் கோழி அடையும் இடமாக நின்றது.

"வூடு கெடைக்கலியாமே," என்றார் பாய். "இத்த எட்த்துக்கோப்பா. நின்னு நின்னு துரு திங்குது."

என் கணவர் அந்த வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். உடம்பில் எலும்பைத் தவிர வேறொன்றும் இல்லாத நாட்கள் அவை. கையால் தகரத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "வூடு குடுக்க ஆள் இல்லன்னா நம்பளே கட்டிக்கலாம். கை இன்னா சும்மாவா கீது?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ஆனால் கட்டினார். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் வேலை செய்ய வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. மிச்ச நேரம் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களை வேலை வாங்கினார். நோயாளிகளைப் படுக்க வைக்கும் ஸ்டிரெச்சர் சட்டங்களைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு பக்கமும் மரக்கட்டில் அடித்தார். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி, அரிசி டின். சுவரில் ஒரு பலகை. அதை இறக்கினால் மேஜை, ஏற்றிக் கொக்கி போட்டால் ஜன்னல் கதவு. ஒரு மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குத் தகரம் அடித்த மேடை. டிரைவர் இருக்கைக்கும் பின்கட்டுக்கும் நடுவே இருந்த தடுப்பை அறுத்து ஒரு சின்ன வாசல் வைத்தார். மழைத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராது. அந்த விஷயத்தில் அவர் பட்டறைக்காரர். ஊரில் எத்தனையோ வீட்டுக்காரர்கள் கட்டிய வீட்டைவிட அது ஒழுங்கான வீடு.

நாங்கள் அதில் பட்டறைக் கொட்டகைக்கு அடியிலேயே குடிபோனோம். தபால்காரர் வண்டியின் படியில் நின்று மணி அடித்துக் கடிதம் கொடுத்தார். காலையில் நான் கட்டிலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டு, காக்ஸ் டவுனுக்கு நடந்து போய்ப் பாடம் நடத்திவிட்டு வந்தேன். சாயங்காலத்தில் தட்டும் சத்தமெல்லாம் ஓய்ந்து, மரத்தூள் மணம் மட்டும் மிஞ்சியிருக்கும்போது, பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்போம். எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே சில சமயம் மறந்துபோகும். நான் கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தால் உண்மையாகவே கொஞ்சம் அசையும்.

நாய் வந்தது அப்படிப்பட்ட ஒரு சாயங்காலத்தில்தான். ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் அவர் தனித் தட்டில், என்னைவிட்டு இரண்டு முழம் தள்ளி, படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். தட்டைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைப்பார். நானும் அது வேண்டாம் என்று சொன்னதில்லை. காது ஒன்று கிழிந்த செம்பட்டை நாய் ஒன்று எங்கிருந்தோ வந்து, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தட்டில் வாயை வைத்தது. அவர் விரட்டவில்லை. பிசைந்த சோற்றோடு கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷத்துல என் தட்டுல வாய் வெச்சது இது ஒண்ணுதான்" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. டாக்டர் கொடுத்த தாளை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தவள் நான். என் கையே அந்தத் தட்டுக்குள் போனதில்லை. அன்று நான் அழுதேன். மறுநாள் முதல் எங்களுக்கு ஒரே தட்டு, நாய்க்கும் அதில் பங்கு. அதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. "டேய்" என்று கூப்பிட்டால் வரும். பட்டறையில் அப்படிக் கூப்பிட்டால் நாலு பேர் சேர்ந்தே திரும்பிப் பார்ப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்தது. அம்மா வீட்டு முன்னறையில், அம்மா கையால், அவர் ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும். ஊரில் யார் ஏற்றுக்கொண்டாலும் ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் எனக்கு அக்கறை இல்லை, அந்த ஒரு வீடு ஏற்றுக்கொண்டால் போதும். டாக்டர் எழுதிய தாளை என் கையால் பிரதி எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுபடியும் எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு ஒரு கார்டு வந்தது. 'ஈஸ்டருக்கு வாங்க. ரெண்டு பேரும் வாங்க. முன்னறைக் கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டிருக்கிறேன்.' அந்த 'ரெண்டு பேரும்' என்பதை எத்தனை தடவை படித்திருப்பேனோ, எழுத்தே மங்கிப்போயிற்று.

பஸ்ஸில் போகலாம் என்றேன். "நம்ப வூடு இருக்கறப்போ பஸ் எதுக்கு?" என்றார் அவர். எஞ்சினைப் பாய் ஏற்கெனவே ஒரு மெக்கானிக்கை வைத்து உயிர்ப்பித்திருந்தார். பாக்கி இருந்தது வண்டியின் வெளிப்பக்கம் மட்டும். அதன் இரண்டு பக்கத்திலும் பெரிய வெள்ளை வட்டம், நடுவில் ரத்தச் சிவப்பில் ஆம்புலன்ஸ் குறி. அதோடு அம்மா வீட்டுக்குப் போக முடியாது என்று நான் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டேன்.

இனி நான் சொல்லப்போகிற தவறு முழுக்க என்னுடையது. பட்டறைப் பெயிண்டர் பழைய வர்ணத்தைச் சுரண்டிவிட்டு எண்ணெய்ப் பெயிண்ட் அடிக்கிறேன் என்றார். அந்த நெடி என் கணவர் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் படுப்பதும் சமைப்பதும் அந்த வண்டிக்குள். நான் யோசித்தேன். இது வீடுதானே? வீட்டுக்கு அடிக்கிறதை அடித்தால் என்ன? சிவாஜி நகருக்குப் போய்ச் சுவருக்கு அடிக்கும் நீல டிஸ்டெம்பர் தூள் வாங்கி வந்தேன். வாளியில் கரைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இரண்டு பேரும் சேர்ந்து மூன்று பூச்சு பூசினோம். நெடியே இல்லை. பெயிண்டர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "வண்டிக்குச் செவுத்து வர்ணமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். லாரிக்கே பாடி கட்டுகிற மனிதருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. பதினான்கு மாதம் தனக்காக ஆஸ்பத்திரிக்கு நடந்தவளிடம் ஒரு வாளி வர்ணத்துக்காக வாதாட அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். வண்டி வானத்து நீலத்தில் ஜொலித்தது. சாய்ந்தால் புடவையில் ஒட்டிக்கொள்ளும், அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் மூடியதும் கிளம்பினோம். விடிந்தும் விடியாத நேரம், அல்சூர் ஏரி மேல் புகை போல ஈரம் மிதந்துகொண்டிருந்தது. ஓசூர் ரோட்டில் பொம்மசந்திராவைத் தாண்டும்போது சூரியன் வந்தான். அங்கே அப்போது வெறும் வயல்தான், அறுத்து முடித்த கேழ்வரகுக் காடு செம்மண்ணாக விரிந்து கிடந்தது. நான் பின்கட்டில் ஸ்டவ்வைப் பற்ற வைத்துக் காபி போட்டேன். காபி கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னலில் ஒரு ஊர் வந்து போயிற்று. ஒரு கிணறு வந்தது, அதில் தண்ணீர் இறைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள், போய்விட்டாள். சமையலறையில் நின்றபடி இத்தனை ஊரைப் பார்த்த பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று தோன்றியது. நாய் பின் கதவின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, விட்டுப் போகிற சாலையையே பார்த்துக்கொண்டு வந்தது.

எல்லைச் சாவடியில் ஒரு கான்ஸ்டபிள், சாராய பாட்டில் இருக்கிறதா என்று பின் கதவைத் திறந்தார். கட்டில், தொங்கும் துண்டு, தாளித்த வாசனை, கொட்டாவி விடும் நாய். "என்னம்மா இது?" என்றார். "எங்க வீடுங்க" என்றேன். அவர் கட்டிலையும் நாயையும் இன்னொரு தடவை பார்த்தார். பிறகு வேறொருவர் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர் மாதிரி மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அந்தப் பயணத்தை ஒழுங்காக நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. வெயில், புளிய மர நிழல், மறுபடி வெயில். மத்தியானத்தில் நான் கட்டிலில் படுத்துத் தூங்கிப்போனேன். கிருஷ்ணகிரியின் பாறை மலைகள் என் கனவுக்குள் வந்தனவா, ஜன்னலில் வந்தனவா என்று தெரியவில்லை. முன்னால் அவர் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. நோய்க்குப் பிறகு அவர் பாடி நான் கேட்டதில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் நின்றுவிடும் என்று பயந்து அப்படியே படுத்திருந்தேன். வண்டி ஆட ஆட, கட்டில் ஆட ஆட, நாய் என் காலில் சாய்ந்துகொண்டது. இந்தச் சாலை முடியாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். மலைவீட்டுக்குப் போக வேண்டும் என்று மூன்று கடிதம் எழுதியவளும் நான்தான்.

தர்மபுரி தாண்டி ஒரு ஏரிக்கரையில் தங்கிவிட்டு, மறுநாள் மத்தியானம் சேலம் போய்ச் சேர்ந்தோம். சேலத்தில் அனல். மலை ஏற ஆரம்பித்ததும் வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்கியது. ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினோம். பாதி மலையில் காற்று சில்லென்று மாறிற்று. காபி பூத்திருந்தது, அதன் மணம் உள்ளே வந்தது. அப்புறம் மழை வந்தது, காபிப் பூவுக்கென்றே வருகிற கோடை மழை.

நான் உள்ளே இருந்தேன். ஜன்னல் கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது நீலமாக வழிந்தது. மலைக்கு மேலே வானம் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, அதுதான் கரைந்து இறங்குகிறது என்று நான் சொக்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அதைவிட அழகாக எதையும் நான் பார்த்ததில்லை என்றுகூட நினைத்தேன். அம்மா வீட்டு வாசலில் இறங்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

ஏரி அருகே மூடுபனிக்குள் வண்டி மெல்ல ஊர்ந்தது. ரோட்டில் போனவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். இந்த ஊரில் இவ்வளவு மரியாதையா என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மா குடை பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் கூட நின்றார்கள். பெங்களூரிலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வருகிறார்கள் என்று அவளே சொல்லிக் கூட்டி வைத்திருக்கிறாள். வண்டியைப் பார்த்ததும் அம்மாவின் சிரிப்பு நின்றது. அந்தப் பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

"மாப்பிள்ளைக்கு மறுபடியும் வந்திருச்சா?" என்றாள் அம்மா.

நான் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். வழியில் ஒழுகியது போக மிச்ச நீலம் சக்கரத்தடியில் குட்டையாகத் தேங்கியிருந்தது. மழையில் குளித்து எழுந்த வெள்ளை வட்டமும் சிவப்புக் குறியும் புதிதாக எழுதியதுபோல் பளபளத்தன. நான் படபடவென்று விளக்கினேன். இல்லைம்மா, இது இப்போது ஆம்புலன்ஸ் இல்லை, முன்பு ஆம்புலன்ஸ், இதில்தான் நாங்கள் குடியிருக்கிறோம் என்றேன். சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகிக்கொண்டு போனது. யாரும் வீடு தராததால் வண்டியில் குடியிருப்பவர்கள் என்பதும் சேர்ந்து ஊருக்குத் தெரிந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவர்கள் முதுகையே அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா செத்த வருஷத்தில் பார்த்த முதுகுகள்.

"இன்னைக்கி மட்டும்," என்றாள் தாழ்ந்த குரலில். "மாப்பிள்ளை காபிக் கிடங்குல படுத்துக்கட்டும். ஊர் வாய் அடங்கட்டும்டி."

"தேவையில்ல. எங்களுக்கு வீடு இருக்கு" என்றேன்.

அவர் டிரைவர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கவே இல்லை. எனக்குத் திட்டவும் ஆள் கிடைக்கவில்லை. வர்ணம் வாங்கி வந்தவள் நான்.

மூன்று நாள் வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது. அம்மா காம்பவுண்டுச் சுவர் மேல் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போவாள். நான் எடுத்துக்கொள்வேன், கழுவி அங்கேயே வைப்பேன். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. இந்த ரோஷம் எங்கள் குடும்பச் சொத்து. திரும்பிப் போய்விடலாம் என்று அவர் சொன்னார். ஈஸ்டர் வரைக்கும் இருப்போம் என்றேன் நான்.

நாய்க்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. முதல் நாளே கேட்டுக்குள் நுழைந்து, அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் பாத்திரம் வைக்கப் போனபோது அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். நாயின் தலை அவள் மடியில். கிழிந்த காதை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம்.

"அந்த நாய் ஆறு மாசமா அவரு தட்டுலதான் சாப்பிடுது, தெரியுமா?" என்றேன். "அதோட வாயில இருக்கறது அவரு எச்சில். நல்லா மடியில போட்டு வெச்சுக்க."

நாயின் காதில் இருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கை மறுபடியும் நீவ ஆரம்பித்தது. சொல்லியிருக்க வேண்டாமே என்று எனக்குத் தோன்றியது, ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கி, எதிரே இருந்த அம்மா வீடே மறைந்துபோயிற்று. நாங்கள் பஞ்சுப் பொதிக்குள் நிற்பதுபோல் இருந்தது. யாரோ வண்டியின் படியில் செருப்பை உதறும் சத்தம் கேட்டது. நாய் முதலில் ஏறி வந்தது. அதன் பின்னால் அம்மா, தலையில் முக்காடும் கையில் குடையுமாக.

"வீடுன்னு சொன்னியே, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள்.

அவர் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அம்மா சுற்றிலும் பார்த்தாள். பலகையை எப்படி இறக்குவது என்று கேட்டாள். அவர் காட்டினார். கட்டிலுக்கடியில் பெட்டி, கூரையில் காற்றுத் துளை, தண்ணீர் டின்னுக்குக் குழாய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். காட்டக் காட்டப் பயம் போய் அவர் முகத்தில் பட்டறைக் களை வந்துவிட்டது. "ஆணியே அடிக்கல அத்தே, எல்லாம் ரிவெட்டு" என்றார் பெருமையாக.

"நான் விடிஞ்சதுலருந்து கோயில்ல பூ கட்டிட்டு வர்றேன்" என்று சொல்லி அம்மா ஒரு கட்டிலில் உட்கார்ந்தாள். அது அவர் கட்டில். இன்னொன்றில் உட்காருங்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன், சொல்லவில்லை. உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். அவர் தலையணையில் தலை வைத்தாள். அவர் போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். கூரையில் பனி சொட்டுச் சொட்டாக விழுந்தது. நாய் ஏறி அவள் கால்மாட்டில் சுருண்டது. எனக்கு மூச்சுவிடவே பயமாக இருந்தது. நான் அசைந்தால் எல்லாம் கலைந்து, அம்மா எழுந்து, தலையணையைப் பார்த்துப் பதறிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவருக்கு இருமல் வந்தது. நோய் இருமல் இல்லை, அந்தப் பனிக்கு யாருக்கும் வருகிற இருமல்தான். அதை நெஞ்சுக்குள்ளேயே அடக்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு அம்மாவின் குடையை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் இறங்கி, கேட்டைத் தாண்டி, வீட்டோரமாகப் பின்பக்கம் நடந்தார். பனி கொஞ்சம் விலகியிருந்தது, பின் கதவுக் கண்ணாடியில் பார்த்தேன். ஆரஞ்சு மரத்தடியில், பனிக்குள் பாதி உருவமாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நின்று இருமினார்.

"உங்கப்பாவும் அந்த மரத்தடிக்குத்தான் போவாரு" என்றாள் அம்மா.

அவள் தூங்கவில்லை. கண் மூடியபடியே பேசினாள். "ராப்பகலா, மழையில, குளுருல, அங்க போய் நின்னுதான் இருமுவாரு. நான் கேட்டுக்கிட்டே உள்ள படுத்திருப்பேன். ஒரு நாளும் உள்ள வாங்கன்னு கூப்பிட்டதில்ல."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். கொக்கியைக் கழற்றிப் பலகையை இறக்கினாள், அதற்குள் பழகிவிட்டிருந்தது. கண்ணாடியைத் தள்ளித் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பக்கத்து வீடு, எதிர்வீடு, ஏரிக்கரை ரோடு எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கக் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ள! இருமறதுக்கு என்னாத்துக்கு அவ்ளோ தூரம் போறீங்க? உள்ள வந்து இருமுங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்தார். அம்மா நகர்ந்து இடம் விட்டாள், அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். இருமல்தான் வரவில்லை.